ராத்திரி ட்ரவுட்டுக்கு ஒளிர்ற ஃப்ளை: வெளிச்சத்த கூட்டாதீங்க, கொறைங்க

உங்க கேள்விய சுருக்கமா சொன்னா இதுதான்: இருட்டுல ஒளிர்ற டியூபிங் வாங்கி பாடி முழுக்க சுத்தி ஒரு ஸ்ட்ரீமர் (முள்ளுல நூலும் இறகும் கட்டி மீன்குஞ்சு மாதிரி செய்யுற ஃப்ளை, அதாவது போலி இரை) கட்டிருக்கீங்க, கையில வச்சு பாத்தா ஜோரா எரியுது, ஆனா மூணு ராத்திரி போட்டும் ட்ரவுட் (குளுந்த தண்ணில வாழுற மீன்) ஒண்ணுகூட தொடல, அதனால இன்னும் பிரைட்டா எரியுற மெட்டீரியல் எது, எத்தன தடவ சார்ஜ் பண்ணணும்னு கேக்குறீங்க. வெளிச்சம் பத்தலன்னு நீங்க நெனைக்கிறீங்க, எனக்கு என்னமோ வெளிச்சம் ஜாஸ்தியாயிடுச்சுன்னுதான் தோணுது.

நானும் மொதல்ல கட்டினது அதே ட்யூப்லைட்தான். ஒரு ராத்திரி முழங்கால் ஆழம்கூட இல்லாத எடத்துல அத போட்டு இழுத்துட்டு இருந்தேன், அஞ்சு காஸ்டுக்கு (வீச்சுக்கு) ஒருதரம் டார்ச் அடிச்சு சார்ஜ் ஏத்திக்கிட்டே இருந்தேன். ஃப்ளைக்கு பின்னாடி தண்ணி லேசா மேடு கட்டிக்கிட்டு வரும், அதாவது மீன் தொரத்திட்டு வருது, ஒரு அடி தூரத்துல வந்து அப்படியே ஒதுங்கிப் போயிடும். ஒருதரம் ரெண்டுதரம் இல்ல, ஏழெட்டு தரம். அப்புறம் டார்ச் பேட்டரி செத்துப்போச்சு. ஃப்ளை மாத்த சோம்பேறித்தனம், குளிர்ல வெரலு வேற மரத்துப்போச்சு, சரி இருக்கறத வச்சே போடுவோம்னு போட்டுட்டே இருந்தேன். ஒரு இருபது நிமிஷம் ஆயிருக்கும், ஃப்ளை எங்க இருக்குன்னு எனக்கே சரியா தெரியாத அளவுக்கு மங்கிப்போன நேரத்துல வெடுக்குன்னு ஒரு இழு. அரைமணி நேரத்துல இன்னொண்ணு. ஒரு ராத்திரிய வச்சு எதையும் நிரூபிச்சுட முடியாதுதான், ஆனா அன்னைலேர்ந்து நான் வெளிச்சத்த கொறைச்சுக்கிட்டேதான் வரேன், மீனு கூடிக்கிட்டேதான் வருது.

ஏன்னு கேட்டா மீனோட கண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். நம்ம கண்ணுல பாப்பா சுருங்கி விரிஞ்சு வெளிச்சத்த அட்ஜஸ்ட் பண்ணிக்கும், ட்ரவுட்டுக்கு அந்த வசதி கெடையாது. அதுக்கு பதிலா விழித்திரைக்குள்ளயே செல்லுங்க எடம் மாறும், பகல்ல நிறம் பாக்குற கூம்பு செல் முன்னாடி வரும், இருட்டுனா குச்சி செல் வெளிய வரும், இது முழுசா நடக்க அரைமணி நேரம் பக்கமா ஆகும். அதனாலதான் பொழுது சாஞ்ச ஒடனே கொஞ்ச நேரம் மீன் சுத்தமா அடங்கிப்போன மாதிரி இருக்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். இந்த குச்சி செல்லுங்க நிறத்த பிரிச்சு பாக்காது, ஆனா சுமார் 500லேர்ந்து 530 நானோமீட்டர் வர இருக்கிற வெளிச்சத்துக்கு ரொம்ப கூர்மையா இருக்கும், அதாவது நீலப்பச்சைலேர்ந்து பச்சை. கடைல கெடைக்கிற சாதா ஒளிர்ற சாமானும் கிட்டத்தட்ட அதே பச்சைலதான் எரியுது. அதனால உங்க கைக்கு "பரவால்ல"ன்னு தெரியுற வெளிச்சம், இருட்டுக்கு பழகின ட்ரவுட் கண்ணுக்கு கல்யாண வீட்டு சீரியல் செட். சிவப்பு, ஆரஞ்சுல ஒளிர்ற மெட்டீரியலும் விக்கிறாங்க, அது சீக்கிரமே மங்கிடும், மீனோட குச்சி செல்லுக்கும் சிவப்பு சரியா தெரியாது, காசுக்கு கேடு.

இன்னொரு விஷயம். நன்னீர்ல தானா ஒளிர்ற உயிரினம் ரொம்ப ரொம்ப அபூர்வம். கடல்ல அது சர்வசாதாரணம், ஆத்துல அப்படி இல்ல. நியூசிலாந்து வடக்குத் தீவு ஓடைகள்ல லாட்டியான்னு ஒரு சின்ன நத்தை வகை இருக்கு, தொந்தரவு பண்ணா பச்சையா ஒளிர்ற சளிய வெளிய விடும், அது மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். ஆக உங்க ஃப்ளை எந்த இரையையும் காப்பி அடிக்கல, ட்ரவுட் "ஆஹா மின்மினி"ன்னு ஓடிவரல. வெளிச்சத்தோட வேலை ஒண்ணே ஒண்ணுதான், கடைசி ஒரு முழ தூரத்துல "இங்க இருக்கேன்"னு குறி காட்டுறது. அதுவரைக்கும் மீன வரவழைக்கிறது ஃப்ளை தண்ணிய தள்ளுற தள்ளு, அத ட்ரவுட் பக்கவாட்டுக் கோட்டால (ஒடம்போட ரெண்டு பக்கமும் தண்ணி அசைவ உணர்ற உறுப்பு) உணரும். அப்புறம் வானத்துக்கு எதிரா தெரியுற கருப்பு உருவம். எவ்ளோ இருட்டா இருந்தாலும் தண்ணிக்கு கீழேர்ந்து பாத்தா வானம் கொஞ்சமாவது வெளுப்பாதான் இருக்கும், அதனால மேல்மட்டத்துல கருப்பு ஃப்ளைய அடிச்சுக்க ஆளில்ல. வெளிச்சம் உதவுறது ஃப்ளை ஆழமா போறப்ப, மீன் அத பக்கவாட்டுல, இருட்டு பின்னணில பாக்கறப்ப. ஆழமில்லாத எடத்துல ஒளிர்றத போட்டதுதான் என் மொத தப்பு, உங்களோடதும் அதுவா இருக்கலாம்.

மெட்டீரியல் பத்தி. ஃப்ளோரசன்ட் வேற, இருட்டுல ஒளிர்றது வேற, இத நெறைய பேரு குழப்பிக்கறாங்க. ஃப்ளோரசன்ட் நூல், இறகெல்லாம் புறஊதா வெளிச்சம் மேல பட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் பளிச்சுனு இருக்கும், நடுராத்திரில அது சும்மா சாம்பல் நூல். நமக்கு வேணுங்கறது வெளிச்சத்த குடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடுற சரக்கு. அதுல ரெண்டு ரகம். பழசு காப்பர் கலந்த ஜிங்க் சல்பைடு, பொம்மை ஸ்டிக்கர்ல இருக்குமே அது, சீக்கிரம் சார்ஜ் ஏறும், சீக்கிரம் எறங்கும். புதுசு ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், 1990கள்ல வந்தது, யூரோப்பியம் டிஸ்ப்ரோசியம் கலந்திருப்பாங்க, இது மணிக்கணக்கா மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ரெண்டுமே ஒரே சீரா கொறையாது. மொத ரெண்டு மூணு நிமிஷத்துல தடால்னு விழும், அப்புறம் நீளமா ஒரு வாலு மாதிரி மெதுவா போகும். நமக்கு மீன் புடிச்சு குடுக்கறது அந்த வாலு பகுதிதான்.

இப்ப கட்டுறத சொல்றேன். 6 இல்ல 8 சைஸ் முள், கொஞ்சம் தண்டு நீளமானது. வைஸ்ல (முள்ள புடிச்சு வைக்கிற இடுக்கி) மாட்டறதுக்கு முன்னாடியே ப்ளையரால பார்ப் (முள் நுனிக்கு பக்கத்துல இருக்கிற எதிர்முள்) அமுக்கிடுங்க, ராத்திரி முள் மீனுக்குள்ள மட்டும் போகாது, உங்க கழுத்துக்குள்ளயும் போகும். அடிப்படைக்கு வெள்ளை நூல் சுத்துங்க, இது முக்கியம். ஒளிர்ற டியூபிங் கண்ணாடி மாதிரி பாதி ஊடுருவும், கருப்பு நூல் மேல சுத்தினா உள்பக்கம் போற வெளிச்சத்த அது முழுங்கிடும், வெள்ளை மேல சுத்தினா திருப்பி வெளிய தள்ளும். கொறைக்கத்தான சொன்னீங்க, இங்க ஏன் கூட்டுறீங்கன்னு கேப்பீங்க. நாம போடப்போறது துளியூண்டு, அந்த துளி கடைசி வர மங்கலாவாவது நிக்கணும், அதுக்காக.

வாலுக்கு கருப்பு மாராபூ (பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற இறகு), தண்டு நீளத்துக்கு மேல வேண்டாம், நீளமாச்சுன்னா காத்துல மடிஞ்சு முள்ள சுத்திக்கும், இருட்டுல அது உங்களுக்கு தெரியவே தெரியாது, ஒரு மணி நேரம் சிக்கின ஃப்ளைய இழுத்துட்டு இருப்பீங்க. அப்புறம் ஒளிர்ற டியூபிங் இல்ல தட்டை இழை, தண்டுல பின்பக்கம் மூணுல ஒரு பங்கு மட்டும், ஒரே அடுக்கு. மிச்ச மூணுல ரெண்டு பங்கு கருப்பு கம்பளி நூலோ டப்பிங்கோ (நூல்ல முறுக்கி சுத்துற முடி). அதுக்கு மேல கருப்பு கோழிக் கழுத்து இறகு ஒண்ண பின்னாலேர்ந்து முன்னால வர இடைவெளி விட்டு சுத்திட்டு வாங்க, சாஃப்ட்டான இறகா எடுங்க, சேவல் இறகு வெறப்பா நிக்கும், தண்ணில அசையாது. எதிர்ப்பக்கமா மெல்லிசு காப்பர் கம்பி சுத்தி இறகோட தண்ட புடிச்சு வச்சுக்குங்க, இல்லன்னா மொத மீனோட பல்லுலயே இறகு அறுந்துடும். மேல முதுகுக்கு முயல் தோல் பட்டை, கருப்பு, ரெண்டு மில்லிமீட்டர் அகலம், முன்னாடியும் பின்னாடியும் கட்டி நடுவுல அதே காப்பர் கம்பிய முடிக்குள்ள பிரிச்சு பிரிச்சு விட்டு எறக்குங்க. முடிய ஈர வெரலால ஒதுக்கிட்டு கம்பிய விடுங்க, முடி மாட்டிக்கிச்சுன்னா ஊசியால நோண்டி எடுத்துடுங்க. தலைக்கு கருப்பு நூல், வார்னிஷ், முடிஞ்சுது.

எல்லாம் சேர்ந்து என்ன நடக்குதுன்னா, மேலேர்ந்தும் முன்னாடிலேர்ந்தும் பாத்தா கருப்பு மீன்குஞ்சு, பின்பக்கம் இறகு அசையறப்ப மட்டும் இடுக்கு வழியா பச்சை மினுக்குனு வந்து வந்து மறையும். வெளிச்சம் முள்ளு வளைவுக்கு பக்கத்துல இருக்கறதால மீன் கடிக்கிற எடமும் அங்கதான் விழுது, சும்மா வால மட்டும் கவ்விட்டு விடுறது எனக்கு நெறைய கொறைஞ்சிருக்கு.

டியூபிங் இல்லன்னா ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பவுடர புறஊதா ரெசின்ல கலந்து பூசலாம், அதுல ரெண்டு சிக்கல் இருக்கு. பவுடர் கனம், ரெசினோட ரெண்டு மூணு மடங்கு அடர்த்தி, கலந்து வச்சா அடில படிஞ்சுடும், அதனால ஒவ்வொரு தடவையும் கிண்டணும், பூசினப்புறம் வைஸ திருப்பிக்கிட்டே இருக்கணும். ரெண்டாவது, ரெசின எறுக வைக்கிற அதே புறஊதா வெளிச்சத்த பவுடர் குடிச்சுடும், கெட்டியா பூசினா மேல காஞ்சு உள்ள பிசுபிசுன்னு நிக்கும். மெல்லிசா ரெண்டு மூணு கோட்டா போடுங்க. கடைசியா பவுடர் கலக்காத வெறும் ரெசின் ஒரு கோட்டு கண்டிப்பா வேணும், ஏன்னா மேல்பூச்சு இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தண்ணி பட்டா கெட்டுப்போகும், நாலு ட்ரிப்புல ஒளிர்றதே நின்னுடும். பவுடர மூக்குல இழுக்காம பாத்துக்குங்க.

கட்டினத டெஸ்ட் பண்ண வைஸ்ல இருக்கறப்பவே டியூப்லைட்ட அணைச்சுட்டு பாக்காதீங்க, எல்லாமே சூப்பராதான் தெரியும். டார்ச் அடிச்சு சார்ஜ் ஏத்தி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணில ஃப்ளைய தொங்க விட்டு, பாத்ரூம் மாதிரி முழு இருட்டான எடத்துல பதினஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, வீட்ல இருக்கறவங்க என்ன நெனைச்சாலும் சரி. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு கை தூரத்துல பச்சை கறை மாதிரி தெரிஞ்சா போதும், உள்ளங்கை ரேகை தெரியுற அளவுக்கு வெளிச்சம் வந்தா டியூபிங்க இன்னும் ரெண்டு சுத்து பிரிச்சு எடுங்க.

சார்ஜ் பண்றதுக்கு சின்ன புறஊதா டார்ச் போதும், பத்து பதினஞ்சு செகண்ட். வெள்ளை எல்ஈடியும் வேலை செய்யும், அதுல நீல வெளிச்சம் நெறைய இருக்கு, போன் டார்ச்ச ஒட்ட வச்சு அரை நிமிஷம் புடிச்சாலும் ஏறும். சிவப்பு ஹெட்லேம்ப் எவ்ளோ நேரம் அடிச்சாலும் ஏறாது. தண்ணிக்கு முதுக காட்டி திரும்பி நின்னு, ஃப்ளையையும் டார்ச் வாயையும் சேத்து ஒரே முட்டிக்குள்ள பொத்தி அடிங்க, வெளிச்சம் ஒரு கீத்துகூட தண்ணி மேல விழக்கூடாது, புறஊதா உங்க கண்ணுலயும் விழக்கூடாது. மீன் இருட்டுக்கு பழக அரைமணி ஆகும்னு சொன்னேன்ல, ஒரு நொடி டார்ச் அடிச்சா அந்த கணக்கு உடைஞ்சுபோகும், மீன் மட்டும் இல்ல, உங்க கண்ணும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். சார்ஜ் ஏத்தின ஒடனே காஸ்ட் பண்ணாதீங்க, ஃப்ளைய முட்டிக்குள்ளயே வச்சுக்கிட்டு மூணு நிமிஷம் நில்லுங்க, அந்த தடால் எறக்கம் முடியட்டும். ஸ்ட்ரான்ஷியம்னா அரைமணிக்கு ஒருதரம், ஜிங்க் சல்பைடுன்னா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், இதுக்கு மேல வேண்டாம். கெமிக்கல் லைட் ஸ்டிக் வச்சா சார்ஜ் தொல்லையே இல்லையேன்னு தோணும், அத நான் தொடறதில்ல, மணிக்கணக்கா பிரைட்டா எரியும், நம்ம இஷ்டத்துக்கு கொறைக்க வழியில்ல, விளக்கு வச்ச தூண்டில தடை பண்ணின எடங்களும் இருக்கு.

போடறது எப்படின்னா, பகல்லயே அந்த எடத்துக்கு ஒருதரம் போங்க. எங்க பள்ளம், எங்க கல்லு, பின்னாடி எந்த மரக்கெளை, எல்லாத்தையும் பாத்துட்டு, எவ்ளோ லைன் விட்டா எதிர்க்கரை பக்கம் போய் விழுதுன்னு அளந்து, லைன்ல அந்த எடத்துல நூலால ஒரு சின்ன முடிச்சு கட்டிடுங்க, ராத்திரி வெரலுக்கு அந்த முடிச்சு தட்டுனா போதும். லீடர் (லைன் நுனில கட்டுற நரம்பு) ரெண்டு மீட்டருக்கு மேல வேண்டாம், டிப்பெட் (ஃப்ளைய கட்டுற அதோட கடைசி பகுதி) 0.25 மில்லிமீட்டருக்கு கொறையாம, இருட்டுல நரம்போட தடிமன எந்த ட்ரவுட்டும் அளந்து பாக்காது. மெல்லிசு நரம்புல வர்ற சிக்க அவுக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும். சிக்குச்சுன்னா அவுக்கவே உக்காராதீங்க, வெட்டி எறிஞ்சுட்டு முன்கூட்டியே ஃப்ளை கட்டி வச்ச இன்னொரு லீடர மாட்டுங்க. வெட்டினத பாக்கெட்ல போட்டுக்குங்க, ஆத்துல விடாதீங்க.

ஆத்துல குறுக்கால, கொஞ்சம் கீழ்ப்பக்கமா போட்டு, ஓட்டமே ஃப்ளைய அரைவட்டமா இழுத்துட்டு வரட்டும், நீங்க பண்ண வேண்டியது லைன்ல தொய்வு விழாம பாத்துக்கறது மட்டும்தான். அரைவட்டம் முடிஞ்சு ஃப்ளை உங்களுக்கு நேர் கீழ வந்ததும் ஒடனே தூக்காதீங்க, பத்து வரைக்கும் எண்ணிட்டு வெரலால எட்டு போடுற மாதிரி மெதுவா லைன சுருட்டுங்க, எனக்கு பாதி மீன் அங்கதான் வந்திருக்கு. வேகம் பகல்ல நீங்க இழுக்கறதுல பாதி, அதுலயும் பாதி. ட்ரவுட் இருட்டுல வெரட்டிப் புடிக்காது, குறுக்க வந்து மறிச்சுதான் புடிக்கும். மீன் அடிச்சா ராட (தூண்டில் கம்ப) தூக்காதீங்க, லைன் புடிச்சிருக்கிற கையால ஒரு இழு, கனம் தெரிஞ்சப்புறம் ராடு.

இந்த ஒளிர்ற ஃப்ளை சமாச்சாரத்துக்கு ரொம்ப பேர் போன எடம் நியூசிலாந்தோட டவுப்போ ஏரி, அங்க இந்த ஃப்ளைக்கு லூமோன்னே பேரு. குளுந்த ஓடை ஏரில வந்து கலக்குற வாய்ல, ஓடைத்தண்ணி அடில மூழ்கற விளிம்புல ரெயின்போ ட்ரவுட் வந்து நிக்கும், மனுஷங்க இடுப்பளவு தண்ணில வரிசையா வேலிக்கம்பு நட்ட மாதிரி நின்னு போடுவாங்க. அங்க இது எடுபடறதுக்கு காரணம் எடத்தோட அமைப்புதான், ஃப்ளை விளிம்புக்கு கீழ ஆழத்துல, இருட்டு பின்னணில தொங்குது. அங்கயும் நடுராத்திரி பன்னண்டுலேர்ந்து காலைல அஞ்சு வர தூண்டில் போடக்கூடாது. ஒவ்வொரு எடத்துக்கும் ராத்திரி விதி வேற, சில எடத்துல பொழுது சாஞ்சாலே தடை, போறதுக்கு முன்னாடி லைசன்ஸ் குடுக்கற எடத்துல கேட்டுக்குங்க. ஆத்துல பிரவுன் ட்ரவுட்டுக்கு போறீங்கன்னா இன்னும் நல்லது, பெரிய பிரவுன் பகல்ல வேர்க்குழிலயும் பாறைக்கடியிலயும் பதுங்கிட்டு இருட்டினப்புறம்தான் சின்ன மீன வேட்டையாட ஆழமில்லாத எடத்துக்கு வரும். அந்த நேரம் மேல சொன்ன மாதிரி வெறும் கருப்பு போடுங்க, ஒளிர்றத ஆழமான மடுவுக்கு வச்சுக்குங்க.

நிலா பத்தி ஆளுக்கொண்ணு சொல்வாங்க. என் அனுபவத்துல அமாவாசைய ஒட்டின நாளும், மேகம் மூடின ராத்திரியும்தான் இந்த ஃப்ளைக்கு. பௌர்ணமி வெளிச்சம் தண்ணில வழியறப்ப ஒளிர்ற ஃப்ளை போடறது வீண். தண்ணி சூட்டையும் பாருங்க, கோடைல 20 டிகிரிக்கு மேல இருந்தா ராத்திரின்னாலும் போடாதீங்க, மீன விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம். ராத்திரி முழுக்க ஆறி ஆறி விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணி இருக்கறதுலயே குளுமையா இருக்கும், தெர்மாமீட்டர் ஒண்ணு பாக்கெட்ல இருக்கட்டும்.

தனியா போகாதீங்க. கலர் இல்லாத கண்ணாடி ஒண்ணு கண்ணுக்கு, கைத்தடி ஒண்ணு கைக்கு, ஹெட்லேம்ப் ரெண்டு. முழங்காலுக்கு மேல தண்ணில எறங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது, ராத்திரி மீன் உங்க காலடிக்கே வரும், எறங்கினா அத மிதிச்சு வெரட்டுவீங்க.

இப்ப உங்க பழைய ஃப்ளைய தூக்கிப்போட வேண்டாம். கருப்பு பெர்மனென்ட் மார்க்கர் எடுத்து டியூபிங்க முன்பக்கம் மூணுல ரெண்டு பங்கு பூசிடுங்க, பின்னாடி கொஞ்சம் மட்டும் விட்டுட்டு, அதுலயும் ரெண்டு மூணு கோடு போட்டுடுங்க. அடுத்த இருட்டு ராத்திரி ஒரு மடுவுல அத போட்டு பாத்துட்டு சொல்லுங்க, அப்பவும் தொடலன்னா நான் சொன்ன மாதிரி புதுசா ஒண்ணு கட்டிக்கலாம், முயல் பட்டை எந்த எடத்துல சிக்கல் பண்ணுதுன்னு அப்ப பாப்போம்.